ஏதோம் மன்னரின் எல்லையும் நம் ஆறுகளும்



எண்ணிக்கை நூலின் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே ஒரு விசா விண்ணப்பமும் அதற்குக் கிடைத்த மறுப்பும் பதிவாகியிருப்பதைக் காணலாம். எகிப்திலிருந்து வெளியேறி வந்த மக்கள் காதேசில் தங்கியிருக்கிறார்கள். மோசே ஏதோம் மன்னருக்குத் தூதர்களை அனுப்புகிறார். உம் நாட்டு வழியே கடந்து போக அனுமதி வேண்டும், வயலிலோ தோட்டத்திலோ கால்வைக்க மாட்டோம், கிணற்றுத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்பது முதல் வேண்டுகோள். மன்னர் மறுக்கிறார். தூதர்கள் திரும்பவும் கேட்கிறார்கள். நாங்களும் எங்கள் கால்நடைகளும் தண்ணீர் குடித்தால் அதற்கு விலை கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். அதற்கும் மறுப்புதான். மன்னர் படையோடு எல்லைக்கு வந்து நிற்கிறார். இத்தனைக்கும் இவர்கள் யார்? யாக்கோபின் பிள்ளைகளும் ஏசாவின் பிள்ளைகளும். ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரட்டையரின் வழிவந்தவர்கள்!

இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்து விடுகிறோம். ஆனால் அந்த மனுவில் வழியும் தண்ணீரும் ஒன்றாகக் கேட்கப்படுவதைக் கவனியுங்கள். நடந்து செல்லும் மனிதனுக்கு இவை இரண்டும் ஒன்றுதான். அரசுகளுக்கோ இவை இரண்டு தனித்தனிக் கோப்புகள். நம் நாட்டில் ஆற்று நீர் ஜல சக்தி அமைச்சகத்திடம் இருக்கிறது. எல்லையும் வெளிநாட்டவரும் உள்துறையிடம் இருக்கிறார்கள். ஒரு கோப்பில் எடுக்கும் முடிவு மற்றக் கோப்பில் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே மேசைக்கு வருவது பெரும்பாலும் கோபத்தின் போதுதான்.

2025 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த மறுநாள், ஏப்ரல் 22 அன்று, காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொடூரமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. குடிமக்களைக் காப்பதும் குற்றவாளிகளைத் தண்டிப்பதும் அரசின் கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. மறுநாளே, ஏப்ரல் 23 அன்று, நடுவண் அரசு பல முடிவுகளை ஒருசேர அறிவித்தது. 1960-ஆம் ஆண்டின் சிந்து நதி நீர் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. சார்க் திட்டத்தின் கீழ் பாகிஸ்தானியருக்கு வழங்கப்பட்ட விசாக்கள் ரத்து செய்யப்பட்டன. சில நாள்களில் மற்ற விசாக்களும் ரத்தாகி, மருத்துவ விசாவில் வந்தவர்களுக்கு ஏப்ரல் 29 வரை மட்டுமே காலம் தரப்பட்டது. நதியும் நோயாளியும் ஒரே அறிவிப்பின் தொடர்ச்சியாக வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் வரலாறு நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. உலக வங்கி நடுவில் இருந்து உதவ, 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் அதில் கையெழுத்திட்டனர். ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகளின் பெரும்பயன் பாகிஸ்தானுக்கு. 1965-இலும் 1971-இலும் 1999-இலும் போர் நடந்தது, ஒப்பந்தம் நின்றது. பீரங்கிகள் முழங்கிய நாள்களில்கூட தண்ணீர்க் கணக்கைத் தனியே பார்க்க முடிந்த இரு நாடுகள் இவை. துப்பாக்கி ஏந்தியவனையும், சிந்துச் சமவெளியில் கோதுமை விதைப்பவனையும், அறுவைச் சிகிச்சைக்காகத் தில்லி வந்த குழந்தையையும் ஒரே வரியில் வைப்பது சரியா என்று கேட்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானது ஆகாது.

ஆனால் இதை வடக்கத்திச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆற்றுக்காக மனிதரைப் பிணையாகப் பிடிப்பது எப்படிப்பட்டது என்பதைத் தமிழர்களாகிய நாம் உடலால் அறிந்தவர்கள்.

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைக்கப்பட்டது. 1991 ஜூன் 25 அன்று அது ஓர் இடைக்கால ஆணை தந்தது: ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வர வேண்டும். அந்த ஆணை டிசம்பரில் நடுவண் அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் தென் கர்நாடகத்தின் ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பலர் உயிரிழந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டித் தமிழகத்துக்குள் ஓடி வந்தனர். அவர்களில் யாரும் மேட்டூர் அணையின் மதகைத் திறந்தவர்களோ மூடியவர்களோ அல்லர். கட்டடம் கட்டியவர்கள், கரும்பு வெட்டியவர்கள், தலைமுறையாக அங்கேயே பிறந்து கன்னடத்திலேயே பேரம் பேசிப் பழகியவர்கள். 2016 செப்டம்பர் 12 அன்று, உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் பெங்களூரில் எரிக்கப்பட்டன. அந்த நாள்களில் தமிழகத்திலும் கன்னடர்களின் உணவகங்களும் வாகனங்களும் தாக்கப்பட்டன என்பதை நாம் மறைக்கக் கூடாது.

நாட்டுக்குள் நடந்ததால் ஓடி வந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. எந்த மாநிலத்திலும் சென்று வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றின் வழக்கைத் தீர்க்க 262-ஆம் பிரிவு வழி செய்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஆறு வழக்கில் இருக்கலாம். மனிதனின் குடியிருப்பு உரிமை அந்த வழக்கில் அடகு வைக்கப்படவில்லை. கலவரக்காரர்கள் இதை மதிக்கவில்லை. ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. நாட்டின் எல்லையைத் தாண்டியவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் வேறுபாடு.

காவிரி வழக்கின் முடிவில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பங்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. கூட்டியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் மாநகரின் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும். எந்த மாநிலமும் ஓர் ஆற்றைத் தன் சொத்தென்று சொல்ல முடியாது என்பதையும் நீதிமன்றம் தெளிவாக்கியது. தமிழகத்தில் இந்தக் குறைப்பைக் கண்டு வருந்தினோம், வருத்தம் நியாயமே. ஆனால் அந்த 4.75 டி.எம்.சி.யைக் குடிப்பவர் யார்? தஞ்சையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புக்காகப் போன நம் உறவினர்களும் அல்லவா அந்த நகரத்தில் இருக்கிறார்கள்! ஊரை விட்டுப் போன மனிதரின் பின்னால் ஆற்றின் ஒரு பகுதியும் சட்டப்படி போயிருக்கிறது. மக்கள் எங்கே நகர்கிறார்களோ அங்கே தண்ணீரும் நகர வேண்டும் என்ற கொள்கைதான் இது. அது நமக்கு எதிராக வரும்போது கசக்கிறது.

நமக்கு ஆதரவாக வந்ததும் உண்டு. சென்னை கிருஷ்ணா ஆற்றங்கரையில் இல்லை. அந்த ஆற்றின் படுகையிலேயே இல்லை. ஆனாலும் 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலைக்கு 5 டி.எம்.சி. தண்ணீரைச் சென்னையின் குடிநீருக்காக விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தமாகி, 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டியை வந்தடைந்தது. ஒப்புக்கொண்ட அளவு முழுமையாக வராத ஆண்டுகளே அதிகம் என்பது உண்மைதான். இருந்தாலும், தெலுங்கரும் கன்னடரும் மராட்டியரும் வந்து சேர்ந்த ஒரு நகரத்துக்கு, அவர்களின் சொந்த மாநிலங்களே தண்ணீர் அனுப்பின. இது பெரிய காரியம். கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இதை நாம் நினைவில் வைத்திருக்கிறோமா?

வருகிறவனைப் பற்றியே பேசுகிறோம். அவன் ஏன் புறப்பட்டான் என்பதையும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாளில் திறக்க முடியவில்லை. குறுவை போனால் கூலி வேலை போயிற்று. டெல்டாவில் நிலம் இல்லாத குடும்பம் அதன் பிறகு எதைக் கொண்டு ஊரில் இருக்கும்? திருப்பூருக்கோ கேரளத்துக்கோ சென்னையின் புறநகருக்கோ ரயில் ஏறும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் குடியிருக்கும் நம் பங்கு மக்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். இங்கேயே பிறந்தவர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்பது தெரியும். ஏறக்குறைய நாம் எல்லாரும் வந்தவர்களே.

தொடக்கநூல் 26-இல் ஈசாக்கும் இப்படித்தான் வந்தவர். பஞ்சம் அவரைக் கெராருக்குத் தள்ளியது. அங்கே விதைத்தார், விளைந்தது, செழித்தார். பெலிஸ்தியர் பொறாமை கொண்டு, அவர் தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளை மண் போட்டுத் தூர்த்தனர். மன்னர் அபிமெலக்கோ, எங்களை விட்டுப் போய்விடும் என்றார். முதலில் தண்ணீரை மூடுவது, பிறகு ஆளை வெளியேற்றுவது! வரிசை மாறவேயில்லை. அடுத்து தோண்டிய கிணற்றுக்கும் சண்டை, அதற்கடுத்ததற்கும் சண்டை. ஏசேக்கு, சித்னா என்று பெயர் வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு இரகபோத்து என்று பெயரிட்டார். பின்னர் துரத்திய அபிமெலக்கே உடன்படிக்கை செய்யத் தேடி வந்தார் என்பது அந்த அதிகாரத்தின் வேடிக்கை.

நாடுகளுக்கு இடையே இதே வரிசை எப்படி நடக்கிறது என்பதைக் கங்கையில் பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் பரக்காவில் கட்டப்பட்ட தடுப்பணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. கொல்கத்தா துறைமுகத்தில் வண்டல் சேராமல் காக்க, 40,000 கன அடி வரை தண்ணீரை ஹூக்ளிக்குத் திருப்புவது அதன் நோக்கம். கோடைக் காலத்தில் கீழே வங்கதேசத்துக்குப் போகும் நன்னீர் குறைந்தது. தென்மேற்கில் குல்னா பகுதி ஆறுகளில் கடலின் உப்பு மேலேறியது. 1976 மே மாதத்தில் மௌலானா பாஷானி பரக்காவை நோக்கிப் பெரும் நடைப்பயணம் நடத்தினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 12 அன்று, முப்பது ஆண்டுகளுக்கான பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜனவரி முதல் மே முடிய, பரக்காவில் 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ இருந்தால் பாதிக்குப் பாதி. தீஸ்தா ஆற்றுக்கும் 2011-இல் ஓர் ஒப்பந்தம் தயாரானது. மேற்கு வங்க அரசின் எதிர்ப்பால் கையெழுத்தாகவில்லை.

அந்த ஒப்பந்தம் கன அடிகளைப் பேசுகிறது. உப்பேறிய வயலை விட்டுக் கிளம்பியவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவரைப் பற்றிப் பேசுவது வேறொரு துறை. 4,096 கிலோமீட்டர் எல்லையில் வேலி போடும் துறை. இந்த இடத்தில் நாம் நிதானமாகவும் இருக்க வேண்டும். வங்கதேசத்திலிருந்து வருகிறவர் எல்லாரும் ஆறு வற்றியதால் வருகிறார்கள் என்று சொன்னால் அது மிகை. கூலி தேடி வருகிறவர், உறவினரைத் தேடி வருகிறவர், அடக்குமுறைக்கு அஞ்சி வருகிறவர் உண்டு. உப்பேறுவதற்கும் பரக்கா மட்டுமே காரணமன்று. புயல்களும், உயரும் கடலும், இறால் பண்ணைகளும் சேர்ந்து செய்தது அது. ஆனால் பல காரணங்களில் ஒன்று நம் கையில் இருக்கும் மதகு என்றால், அந்த அளவுக்காவது பொறுப்பும் நம்முடையதே.

சட்டம் இந்தப் பொறுப்பைப் பார்க்கவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், சமயம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுபவரையே அகதி என்கிறது. தாகம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. 2025-இல் நாம் இயற்றிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் நீரிழந்து வருபவர் என்று ஒரு வகை கிடையாது. கிரிபாட்டி தீவைச் சேர்ந்த ஒருவர், தன் ஊரில் குடிநீர் உப்பாகிவிட்டது, திருப்பி அனுப்பாதீர்கள் என்று நியூசிலாந்தில் கேட்டுத் தோற்றார். அவர் முறையீட்டை ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2020-இல் ஏற்கவில்லை. ஆனால் உயிருக்கே ஆபத்தான சூழலுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது வருங்காலத்தில் உரிமை மீறலாகலாம் என்று அது வாசலைச் சற்றே திறந்து வைத்தது. 2015-இல் வெளியான 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த இடைவெளியைத்தான் சுட்டினார். சுற்றுச்சூழல் சீரழிவால் இடம்பெயர்வோரை எந்த உடன்படிக்கையும் அகதியாக ஏற்பதில்லை என்று 25-ஆம் பத்தியிலும், தூய குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று 30-ஆம் பத்தியிலும் அவர் எழுதினார். ஐந்து பத்திகள்தான் இடைவெளி. அரசுகளில் இவ்விரண்டு கோப்புகளுக்கும் இடையே இருக்கும் தூரம் அதைவிட அதிகம்.

ஆகவே எல்லையையும் ஆற்றையும் இணைக்கலாமா என்று கேட்டால், எதற்காக இணைக்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. தண்டிப்பதற்காக இணைத்தால் அது ஏதோமின் வழி. பொறுப்பேற்பதற்காக இணைத்தால் அது வேறு. சான்றாக, 1996-இன் முப்பது ஆண்டுகள் 2026 டிசம்பரோடு முடிகின்றன. அடுத்து எழுதப்படும் ஒப்பந்தத்தில், உப்பைத் தள்ளிவைக்கும் அளவுக்குக் கோடை நீர் எவ்வளவு என்று எழுதலாம். அந்த நீரைத் தர முடியாத ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட மாவட்டத்தவருக்குக் காலவரையறையுள்ள வேலை அனுமதி தரலாம். சட்டப்படி வந்து சட்டப்படி திரும்பும் வழி இருந்தால், இரவில் வேலி தாண்ட வேண்டிய தேவையும் தரகருக்குப் பணம் கட்ட வேண்டிய தேவையும் குறையும். எல்லைப் பாதுகாப்புக்கும் அது நல்லதே. எந்தப் பகையிலும் தொடக்கூடாதவை என்று சிலவற்றை ஒதுக்கியும் வைக்கலாம்: குடிநீர், சிகிச்சையில் இருப்பவர், பிரிந்து கிடக்கும் கணவன் மனைவி பிள்ளைகள். பன்னாட்டு ஆறுகள் பற்றிய 1997-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் உயிர்வாழத் தேவையான நீருக்குத் தனிக் கவனம் தருகிறது. அதன் மீதான வாக்கெடுப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கின. வேறு எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, இதில் ஒத்துப்போனார்கள்!

பரக்கா நம் ஊருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அணைக்கு மேலே மால்டாவிலும் கீழே முர்ஷிதாபாத்திலும் கங்கை கரையைத் தின்றுகொண்டே வருகிறது. அணை வண்டலைத் தேக்குவதால் ஆறு பக்கவாட்டில் அரிக்கிறது என்பது அம்மக்களின் நெடுநாள் முறையீடு. வீடும் வயலும் பள்ளிக்கூடமும் ஆற்றில் போன குடும்பங்களின் இளைஞர்கள் கட்டட வேலைக்குத் தென் மாநிலங்களுக்கு வருகிறார்கள். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எழும் அடுக்குமாடிகளில் சாரம் ஏறுகிறவர்களிடம் ஊர் கேட்டால் இந்த இரண்டு பெயர்களும் காதில் விழும். இவர்கள் இந்தியக் குடிமக்கள். ஆனால் பேசுவது வங்காளம். 2025-இல் வேறு மாநிலங்களில் பிடிக்கப்பட்ட இத்தகைய தொழிலாளர்கள் சிலர் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டு, பிறகு குடியுரிமை உறுதியாகித் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். நிலப்பத்திரம் கேட்கிறார்கள். நிலமே ஆற்றுக்குள் இருக்கிறது.

நம் அடையாற்றங்கரையில் இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டபோது, பள்ளிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வெள்ளத்தில் போயிற்று என்று அழுதவர்கள் நம்மிடையே உண்டு. மேலே திறப்பவர் ஒருவர், கீழே தாள்களைத் தேடுகிறவர் இன்னொருவர்.

இல்லச் சந்திப்புக்குப் போகும்போது சில வீடுகளின் பின்கட்டில் இந்தத் தொழிலாளர்கள் எட்டுப் பத்துப் பேராக ஓர் அறையில் தங்கியிருப்பதைப் பார்க்கிறோம். சில இடங்களில் மோட்டார் அவர்களுக்குக் காலையில் கால் மணி நேரம் மட்டும். வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோடையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டால் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பவர் அவர்தான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும்போது, தண்ணீரும் தலைக்கு எவ்வளவு என்று பேசிவிடலாம் அல்லவா? வரும் வார அன்பியக் கூட்டங்களில் எண்ணிக்கை 20-ஐயும் தொடக்கநூல் 26-ஐயும் வாசித்தபின் இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். இந்தி அல்லது வங்காளம் தெரிந்த இளையோர் யாரேனும் இருந்தால் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஆவணம் இழந்தவர்களுக்கு மனு எழுதித்தர ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.